வேலிக்கு உள்ளே நடக்க வேண்டிய வேலை

எங்கள் புல்வெளிக் கண்காணிப்புக் குழுவில் புதிதாகச் சேர்பவருக்குத் தொடக்கத்தில் பெரும்பாலும் ஒரே வேலைதான் தரப்படும். அளவுகோலை மண்ணில் ஊன்றிப் புல்லின் உயரத்தைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அழிந்துவரும் பறவைகளைக் காக்கும் ஆவலோடு வரும் இளைஞர்களுக்கு இது ஏமாற்றம் தருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பறவையைப் பார்க்க வந்தவர்களைப் புல் அளக்கச் சொல்கிறீர்களே என்று சிலர் வெளிப்படையாகவே கேட்டதுண்டு. கேட்பது நியாயம்தான். ஆனால் ஓர் உயிரினம் ஓரிடத்தில் வாழ்வதற்குத் தேவையான வேலைகளை அங்கே யார் செய்துகொண்டிருக்கிறார்கள், அந்த வேலை நின்றுபோனால் என்ன ஆகும் என்பது தெரியாமல், அந்த இடத்தைப் பூட்டி வைப்பதால் மட்டும் அந்த உயிரினத்தைக் காப்பாற்றிவிட முடியாது என்பதை இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் சீக்கிரமே உணர வேண்டும் என்று நான் விரும்புகிறேன். புல்லின் உயரம் அதற்கு நல்ல தொடக்கம்.

அவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் செய்தி பிரிட்டனில் வாழ்ந்த ‘லார்ஜ் புளூ’ என்னும் நீல வண்ணத்துப்பூச்சியைப் பற்றியது. அதன் எண்ணிக்கை நெடுங்காலமாகக் குறைந்துவந்தது. வண்ணத்துப்பூச்சிச் சேகரிப்பாளர்கள் பிடித்துச் செல்வதே காரணம் என்று நம்பி, அது வாழ்ந்த இடத்துக்கு வேலியிட்டுப் பார்த்தார்கள். வேலி சேகரிப்பாளர்களைத் தடுத்தது. அங்கே மேய்ந்துவந்த கால்நடைகளையும் சேர்த்தே தடுத்தது. வண்ணத்துப்பூச்சி அந்த வேலிக்குள்ளேயும் இல்லாமல் போயிற்று. 1970களின் தொடக்கத்தில் ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர், எஞ்சியிருந்த கடைசிக் கூட்டத்தின் அருகிலேயே தங்கி, முட்டையிலிருந்து சிறகு முளைக்கும் வரை அதன் வாழ்க்கையின் ஒவ்வொரு கட்டத்தையும் கணக்கெடுத்தார். அதன் புழு சில வாரங்கள் மட்டுமே காட்டுத் தைம் செடியின் பூக்களைத் தின்கிறது. பிறகு தரையில் விழுந்து, எறும்பின் குஞ்சைப் போன்ற மணத்தாலும் ஒலியாலும் எறும்புகளை ஏமாற்றி, அவற்றின் புற்றுக்குள் எடுத்துச் செல்லப்பட்டு, எறும்புக் குஞ்சுகளைத் தின்றே மாதக்கணக்கில் வளர்கிறது. இந்த எறும்பின வகையில் பல இனங்கள் இருந்தாலும், புழு நன்றாகப் பிழைப்பது ‘மிர்மிகா சபுலேட்டி’ என்ற ஒரே இனத்தின் புற்றில்தான் என்று அவர் கண்டறிந்தார். அந்த எறும்புக்கு வெயில் படும் வெதுவெதுப்பான மண் வேண்டும். புல் ஒட்ட மேயப்பட்டிருந்தால்தான் அந்த வெப்பம் கிடைக்கும். புல் சில சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்தாலே மண் குளிர்ந்து, அந்த எறும்பு மறைந்து வேறோர் எறும்பினம் அங்கே குடியேறிவிடும். 1950களில் மிக்சோமடோசிஸ் என்ற வைரஸ் நோய் முயல்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றபோது, மேய்ச்சல் ஏற்கனவே குறைந்திருந்த சரிவுகளில் புல் மேலும் உயர்ந்தது. காரணம் தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. 1979ஆம் ஆண்டு அந்த இனம் பிரிட்டனில் அற்றுப்போனது. பின்னர் 1983 முதல் சுவீடனிலிருந்து கொண்டுவந்து, மேய்ச்சலைத் திருத்தியமைத்த நிலங்களில் விட்டார்கள். இன்று அது அந்நாட்டில் மீண்டும் ஆயிரக்கணக்கில் பறக்கிறது.

இதை முதன்முதலில் படித்தபோது என்னை உலுக்கியது அந்த வேலிதான். அக்கறையோடுதான் அதைப் போட்டார்கள். நாமும் அக்கறையோடுதான் போடுகிறோம்.

நான் பணியாற்றும் புல்வெளியில் மேய்ச்சல் நிறுத்தப்பட்டது நான் அங்கே சேர்வதற்கு வெகுகாலத்துக்கு முன்பு. முதல் சில ஆண்டுகளின் பதிவுகளில் புல் செழித்ததைப் பற்றிய மகிழ்ச்சி தெரிகிறது. அடுத்து வந்த பதிவுகளில் புதர்களைப் பற்றிய குறிப்புகள் கூடுகின்றன. அதன் பிறகு, தரையில் கூடு கட்டும் பறவைகளின் அழைப்பொலி புல்வெளியின் நடுப்பகுதியிலிருந்து பதிவாவது நின்றுவிடுகிறது. எஞ்சியவை, வெளியிலிருந்து கால்நடைகள் அவ்வப்போது நுழைந்துவிடும் ஓரங்களில் மட்டும் கேட்டன. இந்த மாற்றம் ஆண்டுக்கு ஆண்டு கண்ணுக்குத் தெரியக்கூடியதாக இருக்கவில்லை. பழைய குறிப்பேடுகளை வரிசையாக வைத்துப் படித்தபோதுதான் புலப்பட்டது. அந்த நிலத்தில் முன்பு மாடு மேய்த்த முதியவர்களுக்கோ இது செய்தியே அல்ல. குஞ்சுகள் நடந்து திரிய இடைவெளி வேண்டும், அடர்ந்து சாய்ந்த புல்லில் அவை நனைந்து செத்துப்போகும் என்று அவர்கள் எங்களுக்கு விளக்கினார்கள். நாங்கள் கட்டங்கட்டமாக அளந்து எட்டிய முடிவும் அதற்கு மாறாக இருக்கவில்லை. இப்போது கூடு கட்டும் பருவம் முடிந்த பிறகு, வரையறுத்த நிலப்பட்டைகளில் மட்டும் மேய்ச்சலை அனுமதிக்கிறோம்; பல்லிகளுக்கும் வெட்டுக்கிளிகளுக்கும் உயர்ந்த புல் தேவைப்படுவதால் சில பட்டைகளைத் தொடுவதே இல்லை. எந்தப் பட்டையை எந்த ஆண்டு விடுவது என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம் நடக்கும். அந்த வாக்குவாதத்தை இந்த வேலையின் மிக நல்ல பகுதியாக நான் கருதுகிறேன்.

மேய்ச்சல் எல்லா இடத்துக்கும் நல்லது என்று இதிலிருந்து எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது. காலபாகசுத் தீவுகளில் மனிதர்கள் கொண்டுவந்த ஆடுகள் பெருகி, பேராமைகளின் உணவையும் நிழலையும் அழித்தன. 1997 முதல் 2006 வரை நடந்த இசபெலா திட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் அகற்றப்பட்ட பிறகே அங்கே செடிகொடிகள் மீளத் தொடங்கின. அந்தத் தீவுகளில் மேயும் வேலையைச் செய்துவந்தவை ஆமைகள். ஆடுகள் அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டன. எங்கள் புல்வெளியிலோ அந்த வேலையைச் செய்ய வேறு எவரும் மிஞ்சவில்லை. ஒரே மேய்ச்சல் ஓரிடத்தில் கேடாகவும் மற்றோரிடத்தில் காவலாகவும் இருப்பது இதனால்தான். ஓரிடத்தில் வெற்றி பெற்ற மேலாண்மைத் திட்டத்தை இன்னோரிடத்தில் அப்படியே பெயர்த்து எழுதுவதை நான் எதிர்ப்பதும் இதனால்தான்.

ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் சதுப்புநிலத்தின் வரலாறு எங்களைப் போன்றோருக்குப் பாடநூலாகவே ஆகிவிட்டது. 1982ஆம் ஆண்டு அங்கே எருமை மேய்ச்சல் தடைசெய்யப்பட்டபோது, சுற்றியிருந்த கிராம மக்களுக்கும் காவல்துறைக்கும் இடையே உயிர்ப்பலி நேர்ந்த மோதல் நடந்தது. அதன் பின் எருமைகள் இல்லாத நீர்ப்பரப்பில் புல் மண்டி, திறந்த நீரைத் தேடி வரும் பறவைகளுக்கான இடம் சுருங்கியது. 1980களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே நடத்திய நீண்ட ஆய்வு, எருமைகள் அந்தச் சூழலமைவின் ஓர் உறுப்பாகவே இயங்கிவந்தன என்ற முடிவுக்கு வந்தது. மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்றே வல்லுநர்கள் முன்பு கருதியிருந்த நிலையில், தங்கள் தரவுகள் அதற்கு மாறாகச் சொன்னபோது அதை மறைக்காமல் எழுதிய அந்த ஆய்வாளர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

அதே கேவலாதேவில்தான் இன்னொரு பேரழிவும் முதலில் கணக்கில் பிடிபட்டது. விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர் 1980களில் அங்கே பாறு கழுகுகளைக் கணக்கெடுத்திருந்தார். அப்போது அவை எங்கும் நிறைந்திருந்த பறவைகள். அவற்றைக் காக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றியிருக்க முடியாது. 1990களின் நடுவில் அவர் மீண்டும் எண்ணியபோது எண்ணிக்கை சரிந்திருந்தது. வெண்முதுகுப் பாறுகள் 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்துபோனதைப் பிந்தைய கணக்கெடுப்புகள் காட்டின. கால்நடைகளுக்குப் போடப்பட்ட டைக்ளோபினாக் என்ற வலிநீக்கி மருந்து, இறந்த மாட்டின் உடல் வழியாகப் பாறுகளுக்குள் சென்று அவற்றின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது என்பது 2004ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் உறுதியானது. இந்தியா 2006ஆம் ஆண்டு அதைக் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடைசெய்தது; மெலாக்சிகாம் என்ற பாதுகாப்பான மாற்று மருந்தும் இருந்தது. ஒரு நாளில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் இரை தேடிப் பறக்கும் பறவைக்குச் சரணாலயத்தின் எல்லைக்கல் எந்தப் பாதுகாப்பையும் தந்திருக்க முடியாது. காவல் தேவைப்பட்ட இடம் மருந்துக் கடையின் அலமாரி. இந்த வரலாற்றில் நான் எடுத்துக்கொண்டது, ஏராளமாக இருக்கும்போதே எண்ணி வைக்க வேண்டும் என்ற பழக்கம். எங்கள் கணக்கெடுப்பில் மிகச் சாதாரணமான குருவிகளையும் தவளைகளையும் விடாமல் சேர்ப்பதற்கு நேரமும் பணமும் செலவாகின்றன. அதைக் குறைக்கச் சொல்லும் ஒவ்வொரு கூட்டத்திலும் நான் மறுத்துப் பேசுகிறேன்.

தொடர்பற்றவையாகத் தோன்றும் காரணங்கள் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதற்குக் கலிபோர்னியாவின் சேனல் தீவுகளில் வாழும் தீவு நரியைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். டிடிடி பூச்சிக்கொல்லியால் அங்கே மீன் தின்னும் வெண்தலைக் கழுகுகள் அற்றுப்போயின. அவை விரட்டி வைத்திருந்த பொன்னிறக் கழுகுகளுக்கு அதனால் வழி திறந்தது. மனிதர்கள் விட்டுச்சென்ற பன்றிகளின் குட்டிகள் அவற்றுக்கு ஆண்டு முழுவதும் இரையாயின. அந்த இரையை நம்பித் தங்கிய கழுகுகள், வானிலிருந்து வரும் ஆபத்தையே அறியாத நரிகளையும் தூக்கிச் சென்றன. 1990களில் வடக்குத் தீவுகளின் நரிகள் 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன. மீட்புப் பணியில் நரிகளைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்யவைத்தார்கள். பொன்னிறக் கழுகுகளை உயிரோடு பிடித்து வேறிடத்தில் விட்டார்கள். வெண்தலைக் கழுகுகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பன்றிகளைக் கொன்று அகற்றினார்கள். 2016ஆம் ஆண்டு மூன்று துணையினங்கள் அமெரிக்காவின் அழிவாபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. ஓர் உயிரைக் காக்க இன்னோர் உயிரைக் கொல்வது பற்றி எங்கள் குழுவில் பேச்சு எழும்போதெல்லாம் அறையில் கனம் கூடிவிடும். பன்றி செய்த குற்றம் எதுவும் இல்லை. ஆயினும் அதை விட்டுவைத்திருந்தால் நரி இருந்திருக்காது. அந்தத் துயரத்தை ஏற்றுக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இவை எல்லாவற்றின் அடியிலும் இருந்த நிலமே காலநிலை மாற்றத்தால் இப்போது நகரத் தொடங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவின் டோரஸ் நீரிணையில் உள்ள பிராம்பிள் கே என்ற தாழ்ந்த மணல்தீவில் மட்டுமே வாழ்ந்த மெலோமிஸ் எலி கடைசியாகக் காணப்பட்டது 2009ஆம் ஆண்டு. கடல்நீர் ஏறி, 2004ஆம் ஆண்டு 2.2 ஹெக்டேராக இருந்த செடிகொடிப் பரப்பு 2014ஆம் ஆண்டில் 0.065 ஹெக்டேராகச் சுருங்கியிருந்தது. 2019ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு அது அற்றுப்போனதாக அறிவித்தது. அதற்கான மீட்புத் திட்டம் 2008ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டிருந்தது என்பதை நினைக்கும்போது, திட்ட அறிக்கைகளை எழுதுபவன் என்ற முறையில் எனக்கு மனம் ஆறுவதில்லை. சில எலிகளை வேறிடத்தில் வளர்த்திருந்தால் போதும் என்பது எல்லாருக்கும் இப்போது தெரிகிறது. அன்று அது சிறிய தீவின் சிறிய எலியாக இருந்தது.

2022ஆம் ஆண்டு டிசம்பரில் மாண்ட்ரியலில் கூடிய நாடுகள், 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாப்பது என்ற இலக்கை ஏற்றன. அதை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். அதே நேரத்தில், பரப்பளவை மட்டுமே கேட்கும் படிவங்கள் எங்கள் மேசைக்கு வரத் தொடங்கியபோது எனக்குக் கவலையும் வந்தது. எத்தனை ஹெக்டேர் சேர்க்கப்பட்டது என்ற கேள்விக்கு ஒரே நாளில் விடை எழுதிவிடலாம். அந்த ஹெக்டேர்களில் பத்தாம் ஆண்டில் யார் புதர் அகற்றுவார், யார் எண்ணுவார், அவருக்கு ஊதியம் எங்கிருந்து வரும் என்பதற்குப் படிவத்தில் இடமே இல்லை. எனக்குத் தெரிந்த மிகத் திறமையான கண்காணிப்பாளர்கள் பலர் ஆண்டு ஒப்பந்தத்தில்தான் பணியாற்றுகிறார்கள். ஒப்பந்தம் தாமதமாகும் ஆண்டில் தரவில் ஒரு பருவம் விட்டுப்போகிறது. அந்த இடைவெளியைப் பிறகு எந்தப் பணத்தாலும் நிரப்ப முடியாது.

வரும் பருவத்துக்கான திட்டத்தில் புல்லின் உயரத்துக்கு நிலையான இலக்கு எண்ணை நாங்கள் எழுதவில்லை. எறும்புக்கு வேண்டியது மண்ணின் வெப்பம், புல்லின் உயரம் அதற்கான வழி மட்டுமே என்ற அந்தப் பழைய வண்ணத்துப்பூச்சி ஆய்விலிருந்தே இந்த யோசனை வந்தது. கோடை நீண்டு மண் சூடேறிவரும் நிலையில், நேற்று சரியாக இருந்த உயரம் நாளை மிகக் குட்டையாகிவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு பட்டையிலும் வெப்பமானிகளைப் புதைத்து, அவற்றின் அளவையும் கூடுகளின் நிலையையும் ஒருசேரப் பார்த்து, மேய்ச்சல் எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும் என்பதை மேய்ப்பவர்களோடு அமர்ந்து ஒவ்வோர் ஆண்டும் புதிதாக முடிவு செய்வதாக எழுதியிருக்கிறோம். நிலையான எண் இல்லாத திட்டத்தை எப்படி மதிப்பிடுவது என்று கேட்டு மேலதிகாரிகள் அதைத் திருப்பி அனுப்பினார்கள். பழைய குறிப்பேடுகளிலிருந்து புல், புதர், கூடு ஆகிய மூன்றையும் ஆண்டுவாரியாக ஒரே அட்டவணையில் தொகுத்து இணைத்து, அதே திட்டத்தை மீண்டும் அனுப்பியிருக்கிறோம்.