சாப்பிட்டீங்களா?

குடியாத்தத்தில் மருந்துக்கடை வேலைக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. சர்க்கரை மாத்திரை கேட்டு வருபவர்களிடம் முதலில் சீட்டைக் கேட்பேன். அடுத்து, "சாப்பிட்டீங்களா?" இந்த இரண்டாவது கேள்வி ஓர் ஆடிக் கிருத்திகையன்று தொற்றிக்கொண்டது.

காலை பத்தரை இருக்கும். பீடி சுற்றும் அம்மா ஒருவர் காலி அட்டையை நீட்டினார். அட்டை அவர் விரல்களில் படபடவென்று ஆடியது. மேலுதட்டில் வியர்வை பொடிப்பொடியாக அரும்பியிருந்தது.

"இன்னாம்மா ஆச்சு?"

"விரதம் தம்பி. மாத்திரைய மட்டும் விடக்கூடாதுன்னு காலையிலயே போட்டுக்கினேன்."

விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 48, ரொம்பக் குறைவு. குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்ததும் கால் மணி நேரத்தில் தெளிந்தார். ஆனாலும் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. அவர் போட்டிருந்தது கிளிபென்கிளமைடு. அதன் வேலை நாள் முழுக்க நீடிக்கும், சர்க்கரை மறுபடி இறங்கலாம். மகனை வரவழைத்து, இட்லி சாப்பிட வைத்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

இன்சுலின் சுரப்பது கணையத்தின் பீட்டா செல். அதில் பொட்டாசியம் வெளியேற ஒரு வாசல் உண்டு. சாப்பிட்ட சர்க்கரை செல்லுக்குள் எரிந்தால் அந்த வாசல் அடைபடும், கால்சியம் உள்ளே பாயும், இன்சுலின் வெளியே வரும். கிளிபென்கிளமைடும் அதே வகை மாத்திரையான கிளைமிபிரைடும் அந்த வாசலைத் தாங்களே போய் அடைக்கின்றன. வயிற்றில் சோறு இருக்கிறதா, இல்லையா என்று பார்ப்பதில்லை. மெட்ஃபார்மின் அப்படியல்ல, அது முக்கியமாகக் கல்லீரல் விடும் சர்க்கரையைக் குறைக்கிறது. எல்லாமே 'சக்கரை மாத்திரை'தான் என்று நினைப்பவர்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் நான் விடுவதில்லை.

எனக்கு அதிகம் வலிப்பது வேறொன்று. லுங்கி நெய்யும் பெரியவர் ஒருவர், அரை மாத்திரையில் ஆரம்பித்து வருடங்களில் இரண்டுக்கு வந்தவர், கடைசியில் இன்சுலின் சீட்டோடு வந்து தலைகுனிந்து நின்றார். "வாயக் கட்டல தம்பி. அதான் ஊசி."

அது அவர் குற்றமில்லை. பிரிட்டனில் புதிதாகச் சர்க்கரை கண்டவர்களை வருடக்கணக்கில் கவனித்த யு.கே.பி.டி.எஸ். என்ற பெரிய ஆய்வில், நோய் தெரியவரும்போதே பீட்டா செல்களின் திறன் ஏறக்குறைய பாதியாகியிருந்தது. உணவுக்கட்டுப்பாடு மட்டும் இருந்தவர்களுக்கும் அது குறைந்துகொண்டேதான் போனது. மாத்திரை ஓயாமல் விரட்டினால் செல் களைத்துப்போகுமா என்ற கேள்வியும் உண்டு. எலிகளுக்குக் கிளிபென்கிளமைடை இடைவிடாமல் கொடுத்துப் பார்த்து 2008இல் ஓர் ஆய்வு வந்தது. இன்சுலின் சுரப்பு நின்றுபோனது. மருந்தை எடுத்ததும் திரும்பி வந்தது.

இதைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அது செத்துப் போவலயா?"

"எலிக்குச் சாகல பெரியவரே. உங்களுக்கு எப்படின்னு டாக்டர்தான் சொல்லணும். அவரக் கேக்காம எதையும் நிறுத்திடாதீங்க."

சரி என்றார். இன்சுலினை ஐஸ் பையோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன். தறித்துணிப் பைக்குள் வைத்து, மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.