ராத்திரியில் குதிரைக்கு வயிற்றுவலி

அந்தியூர்ப் பக்கம் ஆடி மாதக் குதிரைச் சந்தைக்குப் பேர் போனது. ஆனால் ராத்திரியில் குதிரைக்கு டாக்டர் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும்.

எங்கள் பெட்டைக்குதிரை சாயங்காலம் கொள்ளுத் தீவனத்தைத் தொடவில்லை. இருட்டியபின் முன்னங்காலால் தரையைப் பறித்தது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, அப்புறம் படுத்துப் புரள ஆரம்பித்தது. லத்தியும் போடவில்லை. கால்நடை மருந்தகம் பூட்டியாயிற்று. நான் போனில் பிடித்த டாக்டர், "குதிரை பார்த்து ரொம்ப நாளாச்சுங்க" என்று ஒளிக்காமல் சொல்லி, குதிரை பார்க்கும் இன்னொருவரின் எண்ணைக் கொடுத்தார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதே பெரிய உதவி.

அந்த இரண்டாவது டாக்டர் கிளம்பும்போதே போனில் கேள்விகளை ஆரம்பித்துவிட்டார். நாடி எவ்வளவு? தாடை எலும்பின் உள்ஓரத்தில் விரல் வைத்தால் தட்டுப்படும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். சும்மா நிற்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரை இருக்கும். எங்களுடையது 56. பல் ஈறை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும், திரும்பியது. விலாவில் காது வைத்துக் கேட்டதில் குடல் சத்தம் மிகக் குறைவு.

இதற்குள் பக்கத்துத் தோட்டத்து மாமா விளக்கெண்ணெயும் மூங்கில் குழாயுமாக வந்துவிட்டார். "மாட்டுக்கு ஊத்தற மாதிரி ஊத்திரலாம் மாப்ள." டாக்டர் போனிலேயே தடுத்தார்: வலியில் திமிறும் குதிரைக்கு வாய்வழி ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். வலி ஊசியும் நாமாகப் போடக் கூடாது. வலி அடங்கினால் உள்ளே நிலைமை மோசமாவது வெளியே தெரியாது. தீவனத்தை எடுத்துவிட்டு, புரளாதபடி மெதுவாக நடத்திக்கொண்டிருக்கச் சொன்னார்.

வந்ததும் மயக்க ஊசி போட்டுவிட்டு, மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பை நிறைந்துகொண்டே போனால் கிழிந்துவிடும், அதனால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டுமாம். குழாயில் எதுவும் திரும்பி வரவில்லை, அதுவரை நிம்மதி. தோள்வரை கையுறை மாட்டி ஆசனவாய் வழியாகச் சோதித்தவர், பெருங்குடலில் காய்ந்த லத்தி இறுகிக் கிடக்கிறது, குடல் முறுக்கிக்கொண்டதாகத் தெரியவில்லை என்றார். குழாய் வழியே தண்ணீரும் லிக்விட் பாரஃபின் எண்ணெயும் போயின. புளூனிக்சின் என்ற வலி ஊசியை ரத்த நாளத்தில் போட்டார். சதையில் போட்டால் சில குதிரைகளுக்குச் சீழ் வைத்துப் பெரிய தொல்லையாகுமாம். நாடி ஏறினால் நாமக்கல் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்றதால், பிக்கப் வண்டிக்காரரை எழுப்பித் தயாராக வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. விடிந்தபின் எண்ணெய்ப் பிசுக்கோடு லத்தி விழுந்தது.

கிளம்புமுன் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பல் ஓரங்கள் கத்தி மாதிரி கூராகியிருந்தன. காய்ந்த தீவனத்தட்டைச் சரியாக மெல்லாமல் விழுங்கியிருக்கிறது, தண்ணீரும் குறைவாகக் குடித்திருக்கிறது. "பல்லை அரத்தால ராவணும்ங்க. அது பகல் வேலை, குதிரை தேறட்டும், வரேன்" என்றார்.