பெர்செர்க்: அந்த முதல் மூன்று தொகுதிகளைப் படிக்காமல் தாண்டாதீர்கள்

கென்டாரோ மியுராவின் பெர்செர்க் என்ற மாங்காவை (ஜப்பானியச் சித்திரக்கதை) படிக்கத் தொடங்குகிறவர்களுக்குத் தவறாமல் கிடைக்கும் யோசனை ஒன்று உண்டு: "முதல் மூன்று தொகுதி சுமார்தான், நேரே கோல்டன் ஏஜுக்குப் போயிடுங்க." (கோல்டன் ஏஜ் என்பது நாயகன் கட்ஸின் பழைய வாழ்க்கையைச் சொல்லும் அடுத்த பகுதி.) இந்த மாங்காவுக்கு இதைவிடக் கெடுதலான யோசனை இருக்க முடியாது. (மூன்றாம் தொகுதியின் முடிவையும் கதையின் மையத் திருப்பத்தையும் கீழே தொடப்போகிறேன். எதுவும் தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.)

குறை சொல்பவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. தொடர் 1989இல் தொடங்கியது. அந்தக் காலத்துக் கோடுகளில் பின்னாளைய மியுராவின் நுணுக்கம் இன்னும் கூடிவரவில்லை. கட்ஸ் யாரையும் மதிக்காத முரடனாக வருகிறான். அதிர்ச்சிக்காகவே வைத்த வன்முறையும் இருக்கிறது.

ஆனால் மூன்றாம் தொகுதியில் கவுன்ட் என்ற அரக்கப் பிரபு கட்ஸிடம் தோற்று விழும் இடத்தைப் பாருங்கள். அவனுடைய ரத்தம் பட்டு பெஹெலிட் என்ற முட்டை வடிவ மந்திரப்பொருள் விழித்துக்கொள்கிறது. மேல் எது கீழ் எது என்று தெரியாத படிக்கட்டுகளாக உலகம் மாறுகிறது; காட் ஹேண்ட் எனும் அரக்க தெய்வங்கள் ஐவரும் வந்து நிற்கிறார்கள். பிழைக்க வேண்டுமானால் மகள் தெரேசியாவைப் பலி கொடு என்கிறார்கள். மனைவியை ஏற்கெனவே பலி கொடுத்து அரக்கனானவன் அவன். மகள் என்றதும் தயங்குகிறான். அந்தத் தயக்கத்திலேயே நரகச் சுழல் அவனை இழுத்துக்கொள்கிறது. எல்லாம் முடிந்தபின், உன்னைக் கொல்வேன் என்று அலறும் அந்தச் சிறுமிக்கு முதுகைக் காட்டி நடக்கும் கட்ஸின் முகத்தில் கண்ணீர்.

கதையின் சட்டம் முழுவதும் இங்கேதான் வகுக்கப்படுகிறது. பலி என்றால் யாரோ ஒரு ஆள் அல்ல, உயிருக்கு உயிரானவர். ஐவரில் ஒருவனைப் பார்த்து கட்ஸ் "க்ரிஃபித்" என்று கத்துவதும் இங்கேதான். அடுத்துத் தொடங்கும் கோல்டன் ஏஜில் அதே க்ரிஃபித் அழகும் கனவும் நிறைந்த தலைவனாக வருகிறான். அவன் ஒவ்வொரு முறை சிரிக்கும்போதும் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. தாண்டி வந்தவர்களுக்கு இது வெறும் போர்க்கதை. 12, 13ஆம் தொகுதிகளில் க்ரிஃபித் தன் கூட்டத்தையே பலி கொடுக்கும் கிரகணம் அவர்களுக்குத் திடீர் அதிர்ச்சி மட்டுமே. முறையாக வந்தவர்களுக்கோ, பெற்ற மகளைக் கொடுக்க ஓர் அரக்கனுக்கே மனம் வரவில்லை என்பது நினைவிருக்கும். பயம் அங்கிருந்துதான் வருகிறது.

1997இல் வந்த அனிமேயை (அசைவூட்டத் தொடர்) பார்த்துவிட்டு வருபவர்கள் 14ஆம் தொகுதியிலிருந்து தொடரலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். 25 எபிசோடுகளில் பக் என்ற குட்டித் தேவதையே கிடையாது, எலும்புக்கூட்டு வீரனும் கிடையாது. இருவரும் பின்னால் வரும் கதைக்குத் தூண்கள்.

கிரகணத்தின்போது வந்த 83ஆவது அத்தியாயத்தை மியுராவே தொகுப்பில் சேர்க்காமல் விட்டுவிட்டார். அதை முதல் வாசிப்பில் தேடிப் போக வேண்டாம். தீமைக்கான காரணத்தை அது வெட்டவெளிச்சமாக்கிவிடுகிறது. காரணம் தெரிந்த பிறகு அச்சம் பாதியாகிவிடும்.

கோதிக் திகில் தேடி வருபவர்களுக்கு என் தேர்வு ஆல்பியன் கோபுரப் பகுதி, 17 முதல் 21ஆம் தொகுதி வரை. மதவிசாரணை அதிகாரி மோஸ்கஸின் விசாரணைக் கூடம், பட்டினியில் வாடும் அகதிகள், கோபுரத்தை விழுங்க வரும் ரத்தப் பெருக்கு எல்லாம் அங்கே உண்டு. ஷீர்க்கே என்ற சூனியக்காரச் சிறுமி வந்தபின் மந்திரமும் நகைச்சுவையும் கூடி இருள் குறைந்துவிட்டது என்ற வருத்தம் பலருக்கு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கட்ஸுக்கு மறுபடி ஒரு கூட்டம் சேரச் சேர, இழப்பதற்கும் அவனிடம் ஏதோ சேர்கிறது. பின்னால் வரும் கப்பல் பயணம் நீளம் என்பது மட்டும் உண்மை.

பாலியல் வன்முறை வெளிப்படையாகவே வருகிறது. குறிப்பாக வயால்ட் என்ற கொடூரன் வரும் பகுதி, பிறகு கிரகணம். சிறுவர்கள் கையில் கொடுக்கக் கூடாது. பெரியவர்களிலும் அதைத் தாங்க முடியாதவர்கள் ஒதுங்கிக்கொள்வதில் தவறே இல்லை.

போனில் படித்தால் இரட்டைப் பக்கச் சித்திரங்கள் இரண்டாக வெட்டுப்பட்டு, இடப்பாதி ஓரிடம் வலப்பாதி ஓரிடம் என்று வரும். இந்த மாங்காவின் பாதி பலம் அந்தப் பக்கங்களில்தான். டேப்லெட்டைக் கிடைமட்டமாக வைத்து இரண்டு பக்கமாகத் திறங்கள். பக்க வரிசை வலமிருந்து இடமா என்று செட்டிங்கில் பார்த்துக்கொள்ளுங்கள். அச்சில் என்றால் மூன்று தொகுதிகளை ஒன்றாகக் கட்டிய பெரிய அளவு டீலக்ஸ் பதிப்பு நல்லது. கனம் அதிகம், மேசையில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

மியுரா 2021 மே மாதம் மறைந்தார். 364ஆவது அத்தியாயம் வரை, அதாவது 41ஆம் தொகுதி முடிய, அவருடையது. 2022 ஜூன் முதல் அவருடைய உதவியாளர்களான ஸ்டூடியோ காகா வரைகிறது. மியுரா தன்னிடம் சொல்லியிருந்த கதையை வைத்து நண்பர் கோஜி மோரி மேற்பார்க்கிறார். வேகம் கூடியிருக்கிறது, பேச்சு குறைந்திருக்கிறது, முகங்களில் அந்தப் பழைய நடுக்கம் இல்லை. ஆனாலும் மோரி தனக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்வேன் என்று நிற்பதால், 42ஆம் தொகுதியையும் தயங்காமல் எடுக்கலாம்.