அஃபிலியேட் பணமும் என் அப்பாவின் பெயரும்

சில மாதக் கமிஷன் மொத்தமாக நின்று போய், இந்த வாரம்தான் வங்கிக் கணக்கில் ஏறியது. காரணம் என்ன தெரியுமா? இனிஷியல்.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அந்தத் தண்ணீரில் எந்த கீசர் தாங்கும், வாஷிங் மெஷினில் உப்பு படிந்தால் என்ன செய்வது, இதையெல்லாம் எழுதி, கீழே அந்தப் பொருளை விற்கும் தளத்தின் லிங்க் வைக்கிறேன். அதைத் தட்டி யாராவது வாங்கினால் தளம் எனக்குக் கமிஷன் தரும், அதுதான் அஃபிலியேட். இதில் சேர்வது சுலபம், காசும் கேட்க மாட்டார்கள். (சேர்த்துவிட, கற்றுத்தர என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் இருந்து ஓடிவிடுங்கள்.) நான் சேர்ந்த தளத்தில் 180 நாளுக்குள் 3 விற்பனை நடக்க வேண்டும், நடந்தது. எங்கள் அண்ணி உதவுகிறேன் என்று என் லிங்கிலேயே மிக்ஸி வாங்கினார்கள், அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. சொந்தக்காரர்கள் வாங்குவது செல்லாதாம்.

சரி, பணம் வர வேண்டிய நேரத்தில்தான் கூத்து. பான் கார்டில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, பாஸ்புக்கில் முன்னால் ஒற்றை எழுத்து. நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். தளமோ ‘விவரங்கள் பொருந்தவில்லை’ என்று ஒரே மெயிலைத் திரும்பத் திரும்ப அனுப்பியதே தவிர, எந்த விவரம் என்று கடைசிவரை சொல்லவில்லை. பான், ஆதார், பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து நானேதான் கண்டுபிடித்தேன்.

வங்கிக்குப் போனால் கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்காமல், "கெசட்ல பேர் மாத்திட்டு வாங்க மேடம்" என்றார். நான் எங்கே பேரை மாற்றினேன், அதே அப்பா, அதே பேர், நீங்கள் சுருக்கி எழுதினீர்கள், அவர்கள் விரித்து எழுதினார்கள், அவ்வளவுதானே என்று சொல்லிப் பார்த்தேன், சாப்பாட்டு நேரம் என்று எழுந்து போய்விட்டார். அடுத்த முறை சர்வர் இல்லை. அப்புறம் நேராக மேனேஜர் அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். பான், ஆதார் நகல், ஒரு கடிதம், கேஒய்சி படிவம், அவ்வளவுதான் கேட்டார். கெசட் என்ற பேச்சே வரவில்லை! கவுன்டரில் முடியாது என்றால் அதோடு திரும்பி வராதீர்கள். சேருவதற்கு முன்பே பெயரை எழுத்துக்கு எழுத்து, இடைவெளி உட்பட ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பான், ஆதார் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள், பான் செயலிழந்திருந்தால் கமிஷனில் 20 சதவீதம் வரை வரியாகப் பிடித்துவிடுவார்கள்.

இன்னொன்று, திரையில் தெரியும் தொகையை நம்பிக் கடன் வாங்காதீர்கள். பொருள் திரும்பிப் போனால் கமிஷனும் போகும், மிச்சம் கைக்கு வர இரண்டு மாதத்துக்கு மேலாகும். என் தளத்தில் லிங்கைத் தட்டி 24 மணி நேரத்துக்குள் வாங்கினால்தான் நமக்குக் கணக்கு. அதற்குள் கார்ட்டில் போட்டு வைத்தாலும் பரவாயில்லை. சம்பளம் வந்ததும் வாங்குகிறேன் என்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

லிங்கில் எனக்குக் கமிஷன் உண்டு என்பதை முதல் வரியிலேயே தமிழில் எழுதிவிடுகிறேன். பணத் தொடர்பு இருந்தால் கண்ணில் படும்படி சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறையே வழிகாட்டுதல் வெளியிட்டது. அப்படி எழுதினால் யாரும் தட்ட மாட்டார்கள் என்று பயமுறுத்தினார்கள், அப்படி ஒன்றும் ஆகவில்லை. தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஆர்ஓ வாங்காதீர்கள் என்று எழுதியதில் எனக்கு ஒரு பைசா வரவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு வந்தவர்கள்தான் பிறகு கீசர், வாஷிங் மெஷின் என்று கேட்டுக் கேட்டு வாங்குகிறார்கள், மாதாமாதம் கரண்ட் பில்லும் பிள்ளையின் வேன் காசும் அவர்களால்தான் கட்டுகிறேன்.

இப்போது 26ஏஎஸ்-ஐ, அதாவது என் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித் துறைப் பட்டியலைப் பார்க்க வேண்டும். கமிஷனுக்கான டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) 2024 அக்டோபரில் 5 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்தது. என்னிடம் பிடித்தது அந்தப் பட்டியலில் சரியாக ஏறியிருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிவிடலாம், அங்கேயும் அப்பா பெயரைக் கேட்காமல் இருந்தால்.