மன்னிப்பு மட்டும் ரூமுக்குள்ளயா?

“திட்டினது செக்‌ஷன்ல, எல்லாரும் பார்க்க. மன்னிப்பு மட்டும் ரூமுக்குள்ளயா மேடம்?”

எங்கள் ஜவுளிக் கடையில் சேல்ஸில் இருக்கும் அந்த அக்கா இதைக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கவில்லை. கீழே ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அது ஆடித் தள்ளுபடி நேரம். தீபாவளியும் வந்து போய்விட்டது. எனக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். மதியம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு குடும்பம் படியேறி வந்திருக்கிறது. அவர் எழுவதற்குள் மூன்று கவுன்ட்டர் தள்ளி நின்ற சூப்பர்வைசர், “ஏய், எந்திரி! உக்காரவா சம்பளம் குடுக்குறாங்க?” என்று கத்தியிருக்கிறார். வந்த குடும்பத்தில் ஒரு சின்னப் பெண் திரும்பி அக்காவையே பார்த்ததாம். அக்கா ஒன்றும் பேசாமல் எழுந்து சேலைகளைப் பிரித்துப் போட்டார். அந்தக் குடும்பம் இரண்டு சேலை எடுத்துக்கொண்டு போனது. அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. சூப்பர்வைசருக்கு முப்பத்தைந்து இருக்கும்.

உட்காரலாம் என்று நோட்டீஸ் ஒட்டியதே நான்தான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் வருஷத்தது. அதில் 2021இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு கிடைத்தால் உட்காரும்படி எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அது. கேரளத்தில் 2018இலேயே இது வந்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்கள் வருஷக்கணக்கில் போராடியதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. எங்கள் கடைக்கும் ஸ்டூல் வந்தது. உட்கார்ந்தவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது மட்டும் எந்தப் பிரிவிலும் இல்லை.

எங்கள் உள் புகார் குழுவுக்குத் தலைவியும் நான்தான். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருந்தாக வேண்டும். அதனால் முதலில் பழக்கத்தில், “எழுதிக் குடுக்குறீங்களாக்கா?” என்று கேட்டேன். “அவர் என்னைத் தொடல, அசிங்கமா எதுவும் பேசல. அதுக்கு எதுக்கு மேடம் கமிட்டி?” என்றார். அவர் சொன்னது சரி. அது பாலியல் தொல்லைக்கான சட்டம். இந்த மனிதர் ஆண் பையன்களையும் இதே ‘ஏய்’ போட்டுத்தான் விரட்டுகிறார். ஆக, குழுவுக்கு அப்பாற்பட்ட விஷயம். நிர்வாகத்தில் இருக்கிறவள் என்ற முறையில் நான் பார்த்துக்கொள்ள வேண்டியது.

இரண்டு பேரையும் என் அறைக்கு அழைத்தேன். கதவைச் சாத்தினேன். சூப்பர்வைசர் ஒப்புக்காகச் சொல்லவில்லை. “மன்னிச்சிருங்கக்கா, எங்கம்மா வயசு உங்களுக்கு” என்றபோது அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. அக்காவும் தலையாட்டினார். சூப்பர்வைசர் வெளியே போன பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் ஏன் அறைக்குள் வைத்துக்கொண்டேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மனிதர் பத்தாவது முடித்த கையோடு மூட்டை தூக்க வந்தவர். படிப்படியாக ஏறி இன்றைக்கு முப்பதுக்கும் மேற்பட்டவர்களை வைத்து வேலை வாங்குகிறார். அத்தனை பேர் முன்னால் அவரை நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தால் அது மன்னிப்பாக இருக்காது, தண்டனையாகிவிடும். ஒருவரை நாலு பேர் முன்னால் குறுக வைத்தது தப்பு என்று சொல்ல, இன்னொருவரை நாலு பேர் முன்னால் குறுக வைப்பதா? இதை இப்போதும் நம்புகிறேன்.

ஆனால் கதவைச் சாத்தியது யோசித்துச் செய்ததா என்று கேட்டால், தெரியவில்லை. 2013 சட்டத்தின் 16ஆம் பிரிவு, புகார் கொடுத்தவர் பெயரும் விசாரணை விவரமும் வெளியே போகக் கூடாது என்கிறது. மிக நியாயமான பிரிவு. ஊர் வாயில் விழாமல் ஒரு பெண் புகார் கொடுக்க அதுதான் துணை. அதைப் படித்து, சொல்லிக்கொடுத்து, பழகி, யார் வந்து உட்கார்ந்தாலும் என் கை தானாகக் கதவுப் பக்கம் போகிறது. இந்த அக்காவிடம் மறைத்துக் காப்பாற்ற என்ன இருந்தது? அவர் அவமானப்பட்டதை ஒரு மாடியே பார்த்தது. அன்றைக்கு அந்தக் கதவு காப்பாற்றியது சூப்பர்வைசரைத்தான்.

அதிலும் தப்பில்லை என்று ஒரு மனம் சொல்கிறது. அவரும் எங்கள் ஊழியர்தானே.

சில வாரம் கழித்து அக்காவிடமே கேட்டேன். “எல்லார் முன்னாடியும் அவர் மன்னிப்புக் கேட்டிருந்தா திருப்தியா இருந்திருக்குமாக்கா?”

“அவர் கேக்க வேண்டாம் மேடம். மறுநாள் காலைல மீட்டிங்ல நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அந்தக்கா உக்காந்தது தப்பில்லைன்னு.”

இதை நான் யோசிக்கவே இல்லை. இத்தனை நாளும் அவர் மன்னிப்பையும் மரியாதையையும் பற்றிப் பேசுவதாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மாடியில் போய்ப் பார்த்தால், அவர் செக்‌ஷனில் இருக்கும் சின்னப் பெண்கள் யாரும் உட்காருவதில்லை. ஸ்டூல்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கவுன்ட்டருக்கு அடியில் கிடக்கின்றன, மேலே மடிப்புக் கலைந்த சேலைகள். ஒரு பெண் ஒற்றைக் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நிற்கிறாள். உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு தடவை ‘ஏய்’ என்று கேட்டதே அவர்களுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. அறைக்குள் சொன்ன மன்னிப்பு அவர்கள் காதுக்கு வரவேயில்லை.

மீட்டிங்கில் சொல்லியிருந்தால் சூப்பர்வைசரைப் பெயர் சொல்லாமல் குத்தியதாகத்தானே ஆகியிருக்கும் என்றும் தோன்றுகிறது. ஆகியிருக்கலாம். சொல்கிற விதத்தில் சொல்லியிருந்தால் ஆகாமலும் போயிருக்கலாம்.

போன மாதம் சூப்பர்வைசர்களைக் கூட்டி, இனி யாரையும் ‘ஏய்’, ‘வாடி’, ‘போடா’ என்று விளிக்கக் கூடாது, பெயர் சொல்லுங்கள் அல்லது அக்கா, அண்ணன், தம்பி என்று கூப்பிடுங்கள் என்றேன். எல்லாரும் சரி என்றார்கள். உறவு சொல்லிக் கூப்பிடுவதிலும் எனக்கு முழு நிம்மதி இல்லை. “என் தங்கச்சி மாதிரி நெனச்சுக் கேக்குறேன், இன்னைக்கு மட்டும் ஒரு மணி நேரம் சேர்த்து நில்லும்மா” என்று கேட்டு, அந்த ஒரு மணி நேரத்துக்கு ஓவர்டைம் போடாமல் விடுவதும் எங்கள் கடையில் நடக்கிறதுதான். ஆனாலும் ‘ஏய்’ என்பதற்கு அக்கா மேல். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

கூட்டம் முடிந்ததும் அதே சூப்பர்வைசர் தனியாக வந்தார். கோபமில்லை, நிஜமாகவே கேட்டார்.

“மேடம், முதலாளி வந்தா எங்களை எப்படிக் கூப்பிடுறார்னு உங்களுக்குத் தெரியும். பொண்ணுங்க முன்னாடியேதான். அதுவும் இதுல வருமா?”

வரும் என்று சொன்னேன். சொல்லும்போதே குரல் எனக்கே பலமாக இல்லை. அவர், “சரி மேடம்” என்று போய்விட்டார்.

அதற்கப்புறம் ஒரு பக்கத்தில் எழுதினேன். யார் யாரை விளித்தாலும் இது பொருந்தும், முதலாளி உட்பட. நாலு பேர் முன்னால் ஒருவரைத் தவறாகப் பேசிவிட்டால், அவர் பக்கம் நியாயம் இருந்தது என்பதை அதே நாலு பேர் முன்னால் நிர்வாகம் சொல்ல வேண்டும். மன்னிப்பு எங்கே என்பதை அவமானப்பட்டவர் முடிவு செய்யட்டும். கடைசி வரியை இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடி சேர்த்தேன். சூப்பர்வைசரை நினைத்தால் அது சரியா என்று இப்போதும் உறுதியில்லை. முதலாளி வாங்கிப் பார்த்துவிட்டு, பொங்கல் சீசன் முடியட்டும் என்றார். ஸ்டூல்களை நான் காத்திருக்காமல் வெளியே எடுத்துப் போடச் சொல்லிவிட்டேன். காலை மீட்டிங்கில், எல்லார் முன்னாலும்.