ஃபைல் காப்பி வேகத்தை நம்பாதீர்கள், கேபிளைத் தனியே அளந்து பாருங்கள்

பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி போட்டு, திரையில் ஓடும் எண்ணைப் பார்த்து "நெட்வொர்க் ஸ்லோ" என்று முடிவு கட்டாதீர்கள். அந்த எண்ணில் இரண்டு பக்க டிஸ்க்கும் ஆன்டிவைரஸும் கலந்திருக்கின்றன. ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் என்றால் ஒவ்வொன்றையும் திறந்து மூடுவதிலேயே நேரம் போய்விடும்; கேபிள் பாதி நேரம் சும்மா கிடக்கும்.

நெட்வொர்க்கை மட்டும் அளக்க ஐபெர்ஃப்3 (iperf3) என்ற புரோகிராம் போதும். இலவசம். மெமரியிலிருந்து மெமரிக்கு அனுப்புவதால் டிஸ்க் குறுக்கே வராது. ஒரு கம்ப்யூட்டரின் கமாண்ட் விண்டோவில் iperf3 என்று அடித்து, இடம் விட்டு, ஹைஃபனும் சின்ன எஸ்ஸும் போடுங்கள்; அது சர்வர். மற்றதில் எஸ்ஸுக்குப் பதில் சின்ன சி, பிறகு சர்வரின் ஐபி முகவரி. 10 விநாடி ஓடும். இணைப்பே கிடைக்காவிட்டால் சர்வர் பக்க ஃபயர்வாலில் டிசிபி 5201 போர்ட்டைத் திறந்துவிடுங்கள். அடுத்து இந்த இரண்டாவது கட்டளையின் கடைசியில் ஹைஃபனும் பெரிய ஆரும் சேர்த்து எதிர்த்திசையிலும் ஓட்டியே ஆக வேண்டும். ஒரு திசையில் மட்டும் பாக்கெட்டை, அதாவது டேட்டாத் துண்டை, தொலைக்கும் கேபிள் அப்போதுதான் மாட்டும்.

கிகாபிட் (விநாடிக்கு 1,000 மெகாபிட்) இணைப்பில் 940 மெகாபிட் வந்தால் முழு வேகம் என்றே அர்த்தம். 1,500 பைட் பாக்கெட் ஒன்று கம்பியில் 1,538 பைட் இடத்தைப் பிடிக்கிறது. அதில் டேட்டா 1,448 பைட்தான். காப்பி கணக்கில் இது விநாடிக்கு சுமார் 117 மெகாபைட்.

94 வந்தால்? இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது. நான் முதலில் சந்தேகப்படுவது கிரிம்ப்பைத்தான், அதாவது கேபிள் நுனியில் கனெக்டரை அழுத்திப் பொருத்திய இடத்தை. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய பின்கள் போதும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி ஆர்ஜே45 கனெக்டரின் முனை வரை போய்ச் சேராவிட்டாலும், பெரும்பாலான நெட்வொர்க் கார்டுகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். இன்டர்நெட் வழக்கம்போல ஓடுவதால் யாருக்கும் தெரியாது. நுனியை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள். கேபிள் சரியென்றால், நடுவில் பழைய 100 மெகாபிட் நெட்வொர்க் சுவிட்ச் ஏதும் இருக்கிறதா பாருங்கள்.

எண் 600, 800 என்று தள்ளாடினால், லினக்ஸில் அனுப்பும் பக்கம் மறு அனுப்புதல்களின் (தொலைந்ததால் திரும்ப அனுப்பிய பாக்கெட்டுகளின்) எண்ணிக்கையும் தெரியும். அது ஏறிக்கொண்டே போனால் முதலில் கேபிளை மாற்றுங்கள், பிறகு சுவிட்ச் போர்ட்டை.

வைஃபையை அளக்கும்போது ஒரு கம்ப்யூட்டராவது கேபிளில் இருக்கட்டும். இரண்டும் ஒரே வைஃபை அலைவரிசையில் இருந்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இருமுறை போக வேண்டும். வேகம் ஏறக்குறைய பாதியாகும்.