வெள்ளைப் புடைப்பு: வேலூர்ப் பட்டறைக் குறிப்புகள்

மே 3

பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு 10 செ.மீ. சதுரக் கட்டை (அட்டைமேல் உருவத்தை வெட்டி ஒட்டியது). நாலுக்கு மூன்றாக அடுக்கினால் 40 × 30. தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தி. முழுத்தாளைப் பாதியாக வெட்டி 56 × 38. மை கிடையாது, புடைப்பு மட்டும்: ஈரத்தாளைக் கட்டைமேல் வைத்து அழுத்தி உருவத்தை மேடாக எழுப்புவது. கோட்டைதான் பொருள்: அகழி, கொத்தளம், ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளி என்று ஆளுக்கொன்றாகப் பிரித்தாயிற்று. கட்டையின் உயரம் எவ்வளவு என்று மட்டும் யாரும் பேசவில்லை.

மே 5

வந்த கட்டைகளை வெர்னியரில் அளந்தால் 2.2 மி.மீ. முதல் 5 மி.மீ. வரை இருக்கின்றன. எட்சிங் பிரஸ்ஸின் (உருளைக்கடியில் தாளை ஓட்டி அழுத்தும் அச்சு இயந்திரம்) உருளை உயரமான கட்டை மேல்தான் ஏறி உட்காரும். இறுக்கினால் அங்கே தாள் கிழிகிறது, பக்கத்துக் கட்டையோ பதியவே இல்லை. புது விதி: அடி அட்டை 1.5, மேலே ஒட்டுவது அதிகபட்சம் 1.5, மொத்தம் 3 மி.மீ. யாளியின் மூக்குக்கு ஆழம் வேண்டுமென்றால் 0.75 அட்டையில் இரண்டு படி. வெட்டு விளிம்பைச் சாய்த்து 220 எண் உப்புத்தாள் போட வேண்டும். செங்குத்தாக விட்டால் ஈரத்தாளுக்கு அது கத்திதான்.

மே 6

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் துண்டுக்கா பஞ்சம்? 1.2 மி.மீ. தோலை அட்டைக்குப் பதில் ஒட்டிப் பார்த்தோம். கத்தரிக்கோலிலேயே வெட்டுப்படுகிறது, அழுத்தத்தில் கொஞ்சம் அமுங்கிக்கொடுப்பதால் தாள் கிழிவதில்லை, மயிர்க்கால் புள்ளிகள்கூடத் தாளில் இறங்குகின்றன. கொத்தளக் கல்லுக்கு இதைவிட நல்ல பரப்பு இல்லை.

ஆனால் பட்டையில் பதனிட்ட தோல் ஈரத்தாளில் தேநீர்க் கறை மாதிரி பழுப்பு விட்டது. பதனிட்ட பட்டையின் டானின் தண்ணீரில் கரையும், வேறென்ன! வெட்டு விளிம்பு உட்பட எல்லாப் பக்கமும் அரக்கு பாலிஷ் இரண்டு கோட் அடித்தபின் நின்றது. கெட்டியாக அடித்தால் புள்ளிகள் அடைந்துபோகும். சாயம் ஏற்றிய செருப்புத் தோல் வேண்டவே வேண்டாம்.

மே 8

கத்திரி வெயில். அரை மணி ஊறிய தாளை ஒற்றி எடுத்து மின்விசிறிக்கடியில் வைத்தால் ஐந்தே நிமிடத்தில் ஓரம் காய்ந்துவிடுகிறது. நடு நனைந்தும் ஓரம் காய்ந்தும் இருந்தால் உருளையில் மடிப்பு விழும். இப்போது முந்தின இரவே நனைத்து, ஒற்றி, அடுக்கி, பாலித்தீனில் சுற்றிப் பலகை வைக்கிறோம். காலையில் ஈரம் சீராகப் பரவியிருக்கும்: மினுமினுப்பு இல்லை, தொட்டால் மட்டும் ஜில்லென்று. மூன்றாம் நாள்வரை விட்டால் பூஞ்சைப் புள்ளி வரும்.

பிரஸ்ஸில் கீழிருந்து அடுக்கும் வரிசை: கட்டை, தாள், மெல்லிய கம்பளி, மேலே தடித்த கம்பளி இரண்டு. உருளை ஓடும்போது கைப்பிடியை நடுவில் நிறுத்தினால் குறுக்கே கோடு விழுகிறது. எடுக்குமுன் ஒரு பக்கம் மட்டும் கம்பளியைத் தூக்கி, பதியாத மூலையை ஸ்பூனின் முதுகால் தேய்க்கலாம். தாள் நகர்ந்தால் விளிம்பு இரட்டையாகும்.

மே 9

‘வேலூர்’ என்று எழுத்து வெட்டிய கட்டையால் குழப்பம். அச்சுப் பழக்கத்தில் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிய எழுத்தாக ஒட்டிவிட்டார்கள். கட்டையைத் தொடும் பக்கத்தில்தான் எழுத்து திரும்பி, பள்ளமாக விழும். நாம் முகப்பாக வைத்துக்கொண்டது மறுபக்கம். அங்கே கட்டையில் உள்ளது உள்ளபடியே மேடாக எழும். எனவே நேரெழுத்தாக மறுபடி ஒட்டியாயிற்று. ‘லூ’வின் சுழிக்குள் இருந்த இடைவெளி 1 மி.மீ. தான், தாள் உள்ளே இறங்கவில்லை, சுழி மொத்தமும் ஒரே மேடு. 3 மி.மீ. ஆக விரித்ததும் தெளிந்தது.

மே 11

கனம் வைத்துக் காயவைத்த இரண்டு தாளில் புடைப்பு பாதி அமுங்கிவிட்டது. மற்றவற்றை நாலு ஓரமும் பசை நாடாவால் பலகையில் ஒட்டி, நிழலில் விட்டோம். நடுவில் எதுவும் படவில்லை, சுருக்கமும் இல்லை. பார்ப்பதற்குப் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும். தலைக்கு மேல் டியூப்லைட் என்றால் வெறும் வெள்ளைத்தாள்தான்.

ஆளுக்கொன்று, காப்புக்கு மூன்று, ஆக 15. அடுக்கும்போது தாளுக்குத் தாள் நடுவே 2 மி.மீ. அட்டையில் 42 × 32 ஜன்னல் வெட்டிய சட்டம் வைக்கிறோம்.